ஆறிய தேநீருக்கு அரை விலை

கூதல்மலை நாட்டில் ராஜாவும் இருந்தார், தேயிலையும் இருந்தது. ராஜா காலத்தில் தேயிலை ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்த மலைக் குடியானவர்களுக்கு ஆளுக்கு அரைக் காணி, ஒரு காணி தேயிலை. பறித்த கொழுந்தை அரசாங்கத் தேயிலைச் சாலையில்தான், அதாவது ஆலையில்தான், போட வேண்டும். வேறிடத்தில் விற்றால் கசையடி. சாலைக்கு அதிகாரி வல்லபராயர். ராணியின் கூடப்பிறந்த அண்ணன். அதற்கு மேல் அவருக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

ஒருநாள் மாதி என்ற குடியானவப் பெண் அரசவையில் வந்து முறையிட்டாள்.

"மகாராஜா, விடியக்காலையில பறிச்ச கொழுந்தைச் சுமந்துக்கிட்டு சாலை வாசலுக்கு வந்துடறோம். கதவைத் திறக்கிறதில்ல. உச்சிவெயில் வரைக்கும் நிக்க வெக்கிறாங்க. அப்புறம் கூடைக்குள்ள கையை விட்டுப் பாத்து, 'வாடிப்போச்சு, அரை விலை'ங்கிறாங்க. இந்தப் பருவமும் அரை விலைன்னா செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு, புள்ளைங்களோட கீழ்நாட்டுக்குக் கூலிக்கு இறங்க வேண்டியதுதான்."

வல்லபராயர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சரக்கு கைக்கு வரும்போது எப்படி இருக்கிறதோ, அதற்குத்தான் காசு. வாடிய சரக்குக்கு முழு விலை எந்த ஊரில் கொடுக்கிறார்கள்?"

மிச்சப் பாதி விலை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. ராயர் வீட்டில் மட்டும் மூன்றாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்கு மாதியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ராணியை நினைத்தால் பயமாக இருந்தது. நல்ல ராஜாதான். ஆனால் சபை கலைந்ததும் அந்தப்புரத்துக்குத்தானே போயாக வேண்டும். அவையில் கடைசி ஆசனத்தில் உட்காரும் விகடகவி குழகனைத் தனியே கூப்பிட்டார்.

"மைத்துனர்மேல் நான் குற்றம் சொல்ல முடியாது. நீயும் சொல்லக் கூடாது. அது தப்பு என்று அவரே தன் வாயால் சொன்னால் மாற்றிவிடலாம். நடக்கிற காரியமா?"

"நடக்கும் மகாராஜா. அரண்மனை மடைப்பள்ளி வாசல் காவலை மட்டும் என்னிடம் கொடுங்கள்."

ராஜா குடிக்கும் தேநீர் ராயர் வீட்டிலிருந்துதான் வரும். தினமும் காலையில் ஒரு செப்புத் தவலை நிறைய, கொதிக்கக் கொதிக்க. தவலைக்கு ஒரு பொன். அந்தப் பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஆட்கள் தவலையைச் சுமக்க ராயரே முன்னால் நடந்து வருவார்.

மறுநாள் வந்தார். மடைப்பள்ளிக் கதவு சாத்தியிருந்தது.

"குழகா, கதவைத் திற."

"மடைப்பள்ளி மணியக்காரர் குளிக்கிறார் ஐயா."

சற்றுப் பொறுத்து, "குளித்தாயிற்றா?"

"ஆயிற்று. பூஜையில் இருக்கிறார்."

"பூஜை முடிந்ததா?"

"முடிந்தது. பலகாரம் சாப்பிடுகிறார். சாப்பிடும் மனிதரை எழுப்புவது பாவம் இல்லையா?"

ராயரின் பட்டு அங்கவஸ்திரம் வேர்வையில் நனைந்த பிறகு கதவு திறந்தது. குழகன் தவலையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஆறிப்போய்விட்டது. அரைப் பொன்."

அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும். கடைசியில் ராயர் நேராகச் சபைக்குள் நுழைந்தார். மாதியும் தீர்ப்புக்காக அங்கேதான் காத்திருந்தாள்.

"மகாராஜா, நான் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருகிறேன். இவன் வாசலில் நிறுத்திவைத்து ஆறவிடுகிறான். வாங்குகிறவன் வாசலில் கெட்டுப்போனால் விற்கிறவன் எப்படிப் பொறுப்பாவான்? இது பகல் கொள்ளை."

"ஆறியதை என்ன செய்தாய்?" என்று ராஜா குழகனைக் கேட்டார்.

"தாங்கள்தான் குடித்தீர்கள் மகாராஜா. தங்களுக்குச் சூடு ஆகாதே. தேநீர் உள்ளே வந்ததும் முதல் வேலை அதை ஆற்றுவதுதான். அதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறான். மூன்று நாளாகத் தூங்குகிறான்."

தேநீர் ஆறினாலும் ராயர் கொதித்தார். "கேட்டீர்களா? எப்படியும் ஆற்றப்போகிற சரக்கை, ஆறிவிட்டது என்று சொல்லி விலையைக் குறைத்திருக்கிறான். இப்படியும் ஓர் அயோக்கியத்தனம் உண்டா?"

"ஐயா, தெரியாமல்தான் கேட்கிறேன்," என்றான் குழகன் பணிவாக. "சாலைக்குள் போனதும் கொழுந்துக்கு முதல் வேலை என்ன?"

"பரப்பி வாட்டுவது. வாடாத இலையில் தேயிலை ஏது?" என்று அதிகாரத் தோரணையோடு சொன்னார் ராயர். சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ராஜா ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மைத்துனர் வாக்கு நியாயமான வாக்கு," என்றார் ராஜா. "வாங்குகிறவன் வாசலில் கெட்டதற்கு விற்கிறவன் பொறுப்பில்லை. இன்று முதல் இதுவே சட்டம். பிடித்துவைத்த பாதி விலையை மைத்துனரே தம் கையால் குடியானவர்களுக்குக் கொடுப்பார். ராணி கேட்டால், உன் அண்ணன் சொன்னபடிதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்."

ராயரின் மூன்றாவது மாடி அன்றோடு நின்றுபோயிற்று.

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாலைக் கதவு நாளைக்கு எப்பங்க திறக்கும்?" என்று கேட்டாள்.

"விடியும்போதே."

"அப்ப நான் கிளம்பறேனுங்க. பறிக்கணும்."

அவள் போன பிறகுதான் ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "குழகா, உனக்கு நூறு பொன் பரிசு. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்."

குழகன் இடத்தைவிட்டு அசையவில்லை.

"இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் மகாராஜா. நாளைக்குள் அது ஆறி ஐம்பதாகிவிடும்."