வெட்சியாய் நின்ற தங்கை

முன்னொரு காலத்திலே, வெயில்கூட ஒதுங்கிப் போகும் நெருக்கமான ஒரு நகரத்திலே, செங்கமலம், அஞ்சுகம் என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். அவர்கள் வீட்டு முற்றம் நாலே முழம்.

ஒருநாள் மந்திரவாதி ஒருவன் வந்தான். "அஞ்சுகம், என் மாளிகைக்கு வா" என்றான். "மாட்டேன்" என்றாள். மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் மறுத்தாள்.

"அப்படியா? இங்கேயே வேர்விட்டு நில்!" என்று கையிலிருந்த சாம்பலை அவள்மேல் ஊதினான். அஞ்சுகம் வெட்சிச் செடியாகிவிட்டாள்.

"மூன்று மழைக்காலத்துக்குள் பூத்தால் பெண். பூக்காவிட்டால் விறகு!" என்று சிரித்தபடி போனான்.

செங்கமலம் எருவிட்டாள், தண்ணீர் ஊற்றினாள், அழுதாள். செடியோ வெளிச்சம் தேடிச் சுவருக்கு அப்பால் ஒல்லியாக நீண்டது. முதல் மழை போனது, பூவில்லை. இரண்டாம் மழை போனது, பூவில்லை. ஓர் இலையைக் கிள்ளினாலே, "அக்கா, வலிக்குது" என்று செடி முனகும். பிறகு அவள் அதன்மேல் கைவைப்பாளா, சொல்லுங்கள்?

மூன்றாம் மழைக்காலத்தில், தெருவில் ஒரு வெள்ளாடு சுவர் தாண்டி நீண்டிருந்த கிளையைக் கடித்தது. செங்கமலம் கம்போடு ஓடினாள்.

"அடிக்காதே தாயே! போன மாசம் நான் கடிச்ச இடத்தைப் பாரு" என்றது ஆடு.

பார்த்தாள். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று தளிர்கள், குட்டையாக, கொழுகொழுவென்று.

"இது குட்டையா அடர்ந்தாத்தான் பூக்கும். நீள விட்டா வெறும் இலைதான்."

செங்கமலம் அரிவாளை எடுத்தாள். முதல் வெட்டு. "அக்கா, வலிக்குது!" இரண்டாம் வெட்டு. "அக்கா, வேண்டாம்!" மூன்றாம் வெட்டு. செடி பேசவே இல்லை.

முழங்கால் உயரக் கட்டைதான் மிஞ்சியது. 'நானே கொன்னுட்டேனோ' என்று அவள் சோறு தண்ணீரில்லாமல் கிடந்தாள். பத்து நாளில் தளிர்கள் வந்தன. ஆனால் குரல் வரவில்லை.

மழைக்காலத்தின் கடைசி நாள், மந்திரவாதி கோடரியோடு வந்தான். செங்கமலம் செடியைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். "முதல்ல என்னை வெட்டு!"

அவன் ஓங்கினான். அவள் கன்னத்தருகே ஒரு சிவப்புக் கொத்து மெல்ல விரிந்தது. ஓங்கிய கையோடு அவன் கல்லாய்ச் சமைந்தான். செங்கமலத்தின் கைகளுக்குள் அஞ்சுகம் இருந்தாள், தோளெல்லாம் வெட்டுத் தழும்போடு.

மூன்று நாள் அவள் அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலையில், "பசிக்குதுக்கா" என்றாள்.

செங்கமலம் அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதை எழுந்து போய்விட்டது.