பாட்டுப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவர்கள்

வெகுகாலத்துக்கு முன்பு நடந்ததல்ல. போன ஆவணியில் நடந்தது. கரூரில் தமயந்தி என்ற பெண் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டுப்பெட்டி செய்தாள். பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வக உதவியாளர் அவள். பாட்டுகளைச் சேமித்துவைத்துப் பாடிக் காட்டும் சின்னக் கம்ப்யூட்டர்தான் அந்தப் பெட்டி. உபயோகமில்லாமல் கிடந்த ஸ்டெபிலைசரின் தகரக் கூட்டுக்குள் அதை அடக்கியிருந்தாள்.

அதைச் செய்ததற்குக் காரணம் அவள் கணவர் கோவர்த்தனன். இருபத்திரண்டு வருஷம் கோயில் விழாக்களில் பாடியவர். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். பேச்சு போனது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் பேசினார். யார் பாட்டையும் கேட்கவில்லை. டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்தால்கூட எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நீங்க பாடினதுல ஒண்ணே ஒண்ணு, நல்ல ரெக்கார்டர்ல பதிஞ்சது இருக்குங்க. இதுவரைக்கும் போன்லதான கேட்டோம். ஒரு தடவ சரியாக் கேட்டுப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்று தமயந்தி பல நாள் கெஞ்சினாள்.

கடைசியில் அவர் நோட்டில், 'ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு தடவை' என்று எழுதினார்.

பெட்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மூளை. பாட்டைத் தேடி எடுப்பதும் திரையில் காட்டுவதும் அவன் வேலை. இன்னொருவன் ஒலிமாற்றி. மூளை எடுத்துத் தரும் எண்களைக் குரலாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புபவன். இருவருக்கும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தவன் ஒரு கறுப்பு அடாப்டர். உள்ளங்கை அளவுதான் இருப்பான், ஆனால் பேச்சு பெரிது.

"எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. எங்கிட்ட பஞ்சமே இல்ல" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவர்த்தனன் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தமயந்தி பொத்தானை அழுத்தினாள். அவரே மெட்டமைத்த முருகன் பாட்டு தொடங்கியது. கூடவே, கொசு காதருகில் பறப்பதுபோல ஒரு மெல்லிய 'ஞொய்ய்' சத்தமும் வந்தது. மூளை வேகமாக வேலை செய்தபோதெல்லாம் அது 'கிர்ர்' என்று ஏறி இறங்கியது.

ஒரு வரி முடிவதற்குள் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நோட்டை எடுத்தார்.

'என் குரல்மேல வேற எதுவோ உக்காந்திருக்கு. இப்படிக் கேக்கறதுக்குக் கேக்காமலே இருக்கேன்.'

எழுதிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். தமயந்தி ஈரமான கண்ணோடு சமையலறைக்குள் நுழைந்தாள்.

மேசைமேல் சண்டை மூண்டது.

"உன்னாலதான்" என்றான் ஒலிமாற்றி அடாப்டரிடம். "கரண்ட்டோட சேத்து உன் சத்தத்தையும் அனுப்புற. நான் எதை வெச்சுக் குரல் செய்யட்டும்? நீ குடுக்கறதை வெச்சுத்தான?"

"ஓஹோ! நான் இல்லாட்டி நீ வெறும் தகரம், தெரியுமில்ல?" என்று சீறினான் அடாப்டர். "கரண்டை ஒரு நொடியில லட்சம் துண்டா நறுக்கித்தான் நான் பங்கு வெக்கிறேன். நறுக்கினா சத்தம் வராதா? அதுவும் இந்த மூளை இருக்கானே, ஒரு நேரம் பிடி பிடியாத் தின்பான், ஒரு நேரம் தொடவே மாட்டான். அந்தக் குலுக்கலும் உன் தட்டுக்குத்தான் வருது."

மூளை வெட்கப்பட்டான். "என் வேலை அப்படிப்பட்டதுப்பா" என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை தமயந்தி கல்லூரியிலிருந்து ஒரு பேட்டரி கொண்டுவந்தாள். அடாப்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணவர் வெளியே போயிருந்த நேரத்தில் பேட்டரியை மாட்டிப் பார்த்தாள்.

பேட்டரி சாது. "எனக்குச் சத்தம் போடத் தெரியாது. இருக்கிறதைத் தர்றேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஒலிமாற்றி முதன்முறையாகத் தெளிந்த குரலை அனுப்பினான். தமயந்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏறியது. மூளை வழக்கம்போல ஒரு பெரிய வாய் இழுத்தான். பேட்டரி தடுமாறினாள். வரியின் நடுவில் குரல் அறுந்தது. திரை இருண்டது.

கணவரின் குரல் இரண்டாம் முறையாகத் தன் கண்முன்னே போய்விட்டதுபோல இருந்தது தமயந்திக்கு. தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டே அழுதாள்.

"என்னை மன்னிச்சுக்கம்மா" என்று பேட்டரி சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அழுது முடித்ததும் அவள் பேட்டரியைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ? ரெண்டு பேரையும் உன் தலையிலயே கட்டினது என் தப்பு" என்று சொல்லித் துடைத்து வைத்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து எதற்குக் கொடுக்க வேண்டும்?

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மொய்தீன் பாயின் கடைக்குப் போனாள். மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காயில் சுற்றுகிற கடை.

"பாய், சின்னதா ஒரு வட்ட டிரான்ஸ்ஃபார்மர் வேணும். ஆனா கொஞ்சம்கூட உறுமக் கூடாது."

"எதுக்குத் தங்கச்சி?"

சொன்னாள். மொய்தீன் பாய் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"அண்ணன் பாட்டுக்கா? என் சம்சாரம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, எதிர்க்க கோயில்ல அவர் கச்சேரி. ராத்திரி பூரா பயந்துட்டு நின்னவனுக்கு அந்தக் குரல்தான் தொணை. ரெண்டு நாள் குடு. சுத்து சுத்தா அடுக்கி, வார்னிஷ்ல ஊற வெச்சுத் தர்றேன்."

அப்படியே கொடுத்தார். தமயந்தி அதோடு மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெப்பாசிட்டர்களையும் அதை மட்டமாக்கும் ஒரு ரெகுலேட்டரையும் சேர்த்து, ஓர் அலுமினியப் பெட்டிக்குள் பூட்டினாள். புதிய மின்பெட்டி மேசைக்கு வந்தபோது மேசையே ஒரு முறை அதிர்ந்தது. அவ்வளவு கனம்.

"செங்கல்லா இது?" என்று சிரித்தான் அடாப்டர். சிரித்தானே தவிர உள்ளுக்குள் பயந்திருந்தான். இனி தன்னைப் பரணில் போட்டுவிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

மின்பெட்டி நிதானமாகப் பேசினார். "கனம்தான். சூடும் ஆவேன். ஏறி இறங்கி வர்ற கரண்டைத் தேக்கி, மட்டமாக்கி, அலை அடங்கினப்புறம்தான் வெளியில விடுவேன். அதுல கொஞ்சம் சூடாப் போயிடும். என் குறை அது."

"மூளைக்கு நீங்களே குடுத்துடுவீங்களா?" என்று மெல்லக் கேட்டான் அடாப்டர்.

"என்னால ஆகாதுப்பா. அவன் திடீர்னு கேப்பான், நிறையக் கேப்பான். அதுக்கு ஈடு குடுக்கிற தெம்பு உனக்குத்தான் இருக்கு. நீ அவனைப் பாத்துக்க. ஒலிமாற்றியை நான் பாத்துக்கிறேன்."

தமயந்தியும் அப்படித்தான் மாட்டினாள். மூளைக்கு அடாப்டர், ஒலிமாற்றிக்கு மின்பெட்டி. இருவரையும் மேசையின் இரண்டு கோடியில், வயர்கள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்தாள். அடாப்டர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, "ரொம்ப நன்றிங்க" என்றான். ஒலிமாற்றி அவனைப் பார்த்து, "நானும் அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். நீ இல்லாட்டி அவன் பாட்டையே எடுத்துத் தர மாட்டான்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோவர்த்தனன் வர மறுத்தார். தமயந்தி வற்புறுத்தவில்லை. "நான் கேக்கப் போறேன். கதவைத் திறந்தே வெக்கிறேன்" என்றாள்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. அறையில் அப்படி ஒரு அமைதி. பிறகு குரல் வந்தது. எதுவும் மேலே உட்காராத, வெறும் குரல். அடிவயிற்றிலிருந்து எழுந்து, 'முருகா' என்ற இடத்தில் சற்றே கரகரத்து, தெளிந்து மேலே போனது.

இரண்டாவது சரணத்தில் வாசற்படியில் நிழல் விழுந்தது. மூளை பெரிய வாய் இழுத்தான். அடாப்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். மறுகோடியில் மின்பெட்டி சூடேறி, துளியும் குலுங்காமல் நின்றார். குரல் அறுபடவில்லை. பாட்டு முடிந்தபோது கோவர்த்தனன் நாற்காலியில் இருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

அவர் விரலால் சைகை காட்டினார்: ஆரம்பத்திலிருந்து.

மறுபடி போட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அவர் கையை உயர்த்தினார். மறுபடி. இந்த முறை ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டார். குரல் எழுவதற்கு முன்னால் அங்கே ஒரு சின்ன ஓசை இருந்தது. தோல் மடிந்து விரியும் ஓசை. ஒரே சீராக, யாரோ மூச்சு விடுவதுபோல. பாட்டு முழுக்க அது அடியில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் கேட்டபோதெல்லாம் அது காதுக்கு எட்டியதே இல்லை.

சுருதிப்பெட்டியின் துருத்தி அது. அந்தப் பதிவில் மட்டுமல்ல, இருபத்திரண்டு வருஷமும், பாடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து விட்டவள் தமயந்தி. பெரும்பாலும் மேடை வெளிச்சம் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

கோவர்த்தனன் நோட்டை எடுத்தார்.

'இதுல நீயும் இருக்கியே. இத்தனை நாள் எனக்குக் கேக்கவே இல்லையே.'

"கேக்கக் கூடாதுன்னுதாங்க நான் அவ்வளவு மெதுவா இழுப்பேன்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் தமயந்தி.

அவர் நோட்டை மூடிவைத்தார். எழுந்து வந்து மூளையின் கீபோர்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். திரையில் பாட்டுக்கு நேரே 'பாடியவர்: கோவர்த்தனன்' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி இடம் செய்து, எழுத்தெழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் அடித்தார்:

'சுருதி: தமயந்தி.'