அன்னக்கூடம் போகும் வழி

"என்னால முடியலம்மா. இந்தக் கம்ப்யூட்டர் வேலையிலேர்ந்து இதோட என்னை விட்டுடுங்க."

சொல்லிவிட்டுச் சிங்காரவேலு தூணில் சாய்ந்தார்.

தபால் ஆபீஸில் ஓய்வு பெற்று, நிம்மதி தேடி மடத்துக்கு வந்தவர். நிம்மதிக்குப் பதிலாக அவர் தலையில் விழுந்தது, மடத்தில் பாடி மறைந்த பெரியசாமியின் பாட்டு. கேசட்டில் இருந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும், பூஞ்சை பிடித்த கேசட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. இப்போது அந்தக் குரல் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதுவும் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது.

"கிளவுட்ல, அந்த இன்டர்நெட் கிடங்குல, ஏத்தணும்னீங்களே?" என்றார் சொர்ணாம்பா.

மடத்தின் குரு அவர். சிங்காரவேலுவைவிட இளையவர். வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவர் குரலும் கம்மியிருந்தது.

"ஏத்தியாச்சும்மா. நேத்து வரைக்கும் நகரவே மாட்டேன்னுது. இன்னிக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். பாட்டெல்லாம் பழைய இடத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கிளவுட் ஃபோல்டர்ல, 'அங்க பாரு'ன்னு காட்டுற லிங்க் ஒண்ணு மட்டும் போட்டேன். சிம்பாலிக் லிங்க்னு பேரு. திறந்தா எல்லாப் பாட்டும் வருது. ஏறிடுச்சுன்னு உடனே பச்சை டிக்கும் விழுந்துடுச்சு."

"அப்புறம் என்ன?"

"கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்திருக்கார். பழைய கம்ப்யூட்டரை அழிச்சுச் சுத்தம் பண்ணி, ஸ்கூலுக்குக் குடுத்துடறேங்கறார். வண்டியில ஏத்திட்டார்."

சொர்ணாம்பா வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

சொர்ணாம்பா எழுந்து போய், நடையில் தொங்கிய பலகையைக் கழற்றினார். 'அன்னக்கூடம்' என்று எழுதி அம்புக்குறி போட்ட பலகை.

"இதை மாடியில உங்க அறையில மாட்டுங்க. அங்கேயே வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க."

அம்மாவுக்கும் அசதிதான் போல என்று நினைத்துக்கொண்டார் சிங்காரவேலு. ஆனாலும் குரு சொல்லைத் தட்டுகிற துணிச்சல் அவருக்கு இல்லை. மாடியேறிப் பலகையை ஆணியில் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

அம்பு வெறும் சுவரைக் காட்டியது.

பசி வயிற்றைக் கிள்ளியது. பலகையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

அவருக்குத் திக்கென்றது. போனை எடுத்து, அதில் கிளவுட்டைத் திறந்தார்.

'பெரியசாமி பாடல்கள்' என்று பெயர் இருந்தது. உள்ளே ஒரு பாட்டுகூட இல்லை.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். வாசலில் வண்டி நின்றது. கம்ப்யூட்டரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கடைக்காரரைக் காணோம். தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கடைக்காரர் அன்னக்கூடத்தில் இலைக்கு முன்னால் மாட்டிக்கொண்டிருந்தார். "போதும்மா, போதும்மா" என்று அவர் கையால் மறித்தும், எதிரே நின்று சாதம் போட்ட சொர்ணாம்பா விடுவதாக இல்லை.

"தம்பி! அதை அழிச்சிடாதீங்க!"

"கடைக்குப் போய்த்தான் சார் அழிப்பேன்."

சிங்காரவேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

"வயிறு நிறைஞ்சுதா?" என்றார் சொர்ணாம்பா.

"இல்லம்மா. ஒவ்வொரு பாட்டா இனிமேதான் ஏத்தணும்."

சொர்ணாம்பா அவர் முன்னால் ஓர் இலையைப் போட்டார்.

"முதல்ல சாப்பிடுங்க."