ஒன்பதாம் வார்டு பிச்சாண்டியார்

திருவாழியூர் ஆதிமூலநாதர் கோயிலின் கீழைக் கோபுர வாசலில், கும்பிட வருகிறவர்கள் கழற்றிவிட்டுப் போகும் செருப்புகளைக் காத்து வந்தவர் பிச்சாண்டியார். விடியுமுன் குளித்து, நீறு பூசி அங்கே வந்துவிடுவார். செருப்புகளைச் சும்மா அடுக்கி வைக்க மாட்டார். மண்ணைத் துடைப்பார், வார் அறுந்திருந்தால் தைத்தும் வைப்பார். ஈசனைப் பார்க்க நடந்து வந்த கால்களுக்கு உரியவை என்பது அவர் எண்ணம். உச்சிக்கால மணி அடித்ததும் வாசலில் நின்றபடியே கைகூப்புவார். செருப்புக்குக் காவல் வேண்டுமே என்று அவர் உள்ளே போய்க் கும்பிட்ட நாட்கள் மிகக் குறைவு.

அவர் குடியிருந்தது ஒன்பதாம் வார்டு ஓடைக்கரைத் தெருவில். அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடியது. குழாயில் ஓட்டை விழுந்து வருடக்கணக்காகியும் கேட்பாரில்லை. சனங்கள் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். பிச்சாண்டியாருக்கும் அவர் மனைவி சௌந்தரத்துக்கும் ஒரே மகள், குயிலி. ஏழு வயதில் வாந்தியும் பேதியும் கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள்.

பால் தெளித்த மறுநாள் அவர் வார்டு கவுன்சிலரிடம் போனார். குழாயை மாற்றித் தரும்படி கேட்டார். கவுன்சிலர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு அக்கறைன்னா நீயே எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு மாத்திக்கய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். பிச்சாண்டியார் சிரிக்கவில்லை. கோபுர வாசலுக்குத் திரும்பி வந்து வெகுநேரம் நின்றார். சொன்னது அந்த மனிதர். சொல்ல வைத்தவன் உள்ளே இருப்பவன் என்று அவருக்குப் பட்டது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக மனுக் கொடுத்தார்.

அவரிடம் கொடியில்லை, வண்டியில்லை. ஒரு சொம்பில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, முகர்ந்து பார்க்கச் சொல்வார். இதை மாற்றத்தான் நிற்கிறேன் என்பார். பிச்சாண்டி பிச்சைக்கு வந்துவிட்டார் என்று கேலி பேசினார்கள். அது சிவனாருடைய பேர்தானே என்று அவரும் கைகூப்பிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். முதல் தடவை நாற்பத்தொரு ஓட்டு விழுந்தது. அடுத்த தடவை இருபத்தாறு. மூன்றாம் தடவை அவருக்குக் கிடைத்த சின்னம் செருப்பு. அன்றைக்கு யாரோ பிய்ந்த செருப்புகளைக் கோத்து அவர் வீட்டுக் கதவில் மாலையாக மாட்டிவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தைத்து, வெறுங்காலோடு வந்த பரதேசிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

நான்காம் தேர்தலில் அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அவரே போட்டது. அன்று வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சௌந்தரம் மறைக்கவில்லை.

"நான்தாங்க போடல. உங்க ஓட்டைத் தவிர ஒண்ணுமே விழலைன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன். தெருவுல உங்களைப் பாத்துச் சிரிக்கிறத என்னால தாங்க முடியல."

அவர் சொன்னார்: "நீ என்ன பண்ணுவ, சௌந்தரம். என்னைப் பாத்து சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தத் தண்ணியத்தானே புள்ளைங்க குடிக்குது."

அந்த அம்மாள் அதற்கப்புறம் அவரைத் தடுக்கவில்லை. ஐந்தாம் தேர்தலுக்கு முன் ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து, விலகிக்கொள்ளும்படி சொன்னார்கள். அவர் மறுத்தார். ஒரே வாரத்தில் செருப்புக் காவல் வேறொருவருக்குப் போயிற்று. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோயில் வெளிவீதியைக் கூலியில்லாமல் கூட்டினார். சௌந்தரம் இட்லிக் கடையில் மாவாட்டி இரண்டு பேர் வயிற்றையும் நனைத்தாள். அந்தத் தேர்தலிலும் அவர் தோற்றார். ஆறாவது தேர்தல் வருவதற்குள் அவளையும் மஞ்சள்காமாலை கொண்டுபோயிற்று.

மனுக் கொடுக்கக் கடைசி நாளன்றுதான் அவளுடைய சாம்பலை ஆற்றில் கரைத்தார். கரைத்த ஈர வேட்டியோடு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன் என்று ஊர் பேசியது. போகிற வழியில் கோபுர வாசலில் நின்று அவர் கேட்டது வெற்றியை அல்ல. "இன்னும் எத்தனை பேரு போகணும், சாமி?" என்று மட்டும் கேட்டார். அவர் நீறு பூசிக்கொண்டு மேலே நடந்தார்.

அந்தத் தேர்தல் சமயத்தில் பெய்த மழையில் சாக்கடை பொங்கித் தெருவில் வீட்டுக்கு வீடு பேதி கண்டது. மூன்று குழந்தைகள் இறந்தன. பிச்சாண்டியார் ஓட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். அறுபத்திரண்டு வயதில், கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து வாசல் வாசலாக ஊற்றினார். கொண்டுவந்ததெல்லாம் பிறருக்கே சரியாகப் போயிற்று. தமக்குத் தாகமெடுத்தபோது தெருக்குழாயில்தான் குடித்தார். வாக்குப்பதிவன்று அவரும் பாயில் விழுந்தார்.

ஓட்டு எண்ணும் நாள் விடியற்காலையில் ஆதிமூலநாதருக்குப் பூசை செய்யும் சபாபதி குருக்களுக்கு ஒரு கனவு. "பிச்சாண்டி தெருத் தண்ணீர்தான் இன்றைக்கு எனக்கு" என்று ஒரு குரல் கேட்டது. குருக்கள் எழுந்து போய்க் கருவறை திறந்து, வழக்கம்போல அபிஷேகத்துக்குக் கிணற்று நீரை எடுத்தார். தெளிந்த நீர். இலிங்கத் திருமேனியில் பட்டதும் அது கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. இரண்டாம் குடமும் அப்படியே. மூன்றாம் குடமும் கறுத்ததும் அவர் வெளியே ஓடிவந்தார்.

ஊர் திரண்டது. காலை எண்ணிக்கையில் புதிதாக ஜெயித்த கவுன்சிலர் மாலையும் கழுத்துமாக வந்து, கருவறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குள் குழாயை மாற்ற ஓடைக்கரைத் தெருவில் கடப்பாரைகள் இறங்கின.

குருக்கள் சுவாமியின் பரிவட்டத்தோடு பிச்சாண்டியாரின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். பிச்சாண்டியாருக்கு இந்தத் தடவை விழுந்தது பன்னிரண்டு ஓட்டு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பரிவட்டத்தைத் தலையில் கட்டிவிட்டு, குருக்கள் அவர் காதருகே குனிந்தார்.

"பிச்சாண்டி, சுவாமி இன்னிக்கு உம்ம தெருத் தண்ணியிலதான் குளிச்சார்."

அவர் கண்ணைத் திறந்தார். பாயிலிருந்து எழப் பார்த்தார்.

"ஐயோ, அவருக்கு எதுக்கு அந்தத் தண்ணி? சீக்கிரம் மாத்துங்க சாமி. அவருக்கு ஆகாது."

அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. மண் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மாலைப் பூசை வேளையில் ஈசனடி சேர்ந்தார். ஊரார் ஆறு தடவை வேண்டாம் என்று சொன்னவரை இறைவன் ஒரே தடவையில் தேர்ந்துகொண்டான். தம் தாகத்தைக் கடைசியில் வைத்த அந்த நல்லவரின் திருவடிகளுக்கு நம் வணக்கம்.