கருவிக்கும் ராகு காலம் உண்டு

தெய்வசிகாமணி மேஸ்திரிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு நஸீமாவுக்கு முப்பத்தாறு. குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மேஸ்திரி அதைச் சட்டை செய்ததில்லை.

முப்பது வருஷம் வீடு கட்டியவர், இப்போது கட்டடங்களின் நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். நஸீமாவிடம் ஒரு வெப்பக் கேமரா இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். சுவருக்குள் ஈரம் ஊறியிருந்தாலும், கூரைத் தளத்துக்குள் காங்கிரீட் பிடிப்பு விட்டுப்போயிருந்தாலும், அந்த இடம் மட்டும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வந்த முதல் வாரத்திலேயே மேஸ்திரி கேட்டார்.

"டீச்சர், இந்தக் கேமரா பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்போ இது காட்டுறதை அப்படியே நம்பி எழுதிடலாமா?"

நஸீமா லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. வைகைக் கரையோரத்து ஊர் ஒன்றில், மகளிர் குழுவினர் முப்பத்திரண்டு கர்ப்பிணிகளுக்கு ஒன்றாக வளைகாப்பு வைத்திருந்தார்கள். இடம், ஊரின் பழைய சமுதாயக் கூடம். போன மாதம் அதன் வராந்தாவில் ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. அதனால் உள்ளே தலைக்கு மேல் இருக்கும் தளம் பத்திரமா என்று பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு நீங்களே பாருங்க ஐயா. நீங்களே எழுதுங்க" என்றார் நஸீமா.

மேஸ்திரி காலை எட்டரைக்கு உள்ளே போனார். ஒன்பதே காலுக்கு வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மூலைக்கு மூலை பார்த்தாச்சு டீச்சர். தளம் முழுக்க ஒரே நிறம். ஒரு குறையும் இல்ல."

"கையெழுத்து?"

"போட்டுட்டேன்."

அவர் தனியாகப் போட்ட முதல் கையெழுத்து அது. நஸீமா காகிதத்தை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் குழுத் தலைவி பூங்கொடி மூச்சிரைக்க வந்தாள்.

"என்ன மேடம், உட்கார வெச்சிடலாமா? பத்தரைக்கு ராகு காலம் பிறந்துடும். அதுக்குள்ள முதல் வளையலைப் போட்டுடணும்."

"பன்னிரண்டு மணி வரைக்கும் யாரையும் உள்ளே விடாதீங்க."

"ஏன்? அண்ணன்தான் பார்த்துட்டாராமே?"

"பார்த்தார். ஆனா எங்க கருவிக்கும் ஒரு ராகு காலம் உண்டும்மா. அது இன்னும் முடியலை."

பூங்கொடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விளையாடுறீங்களா? எல்லாரும் புள்ளத்தாச்சிங்க. புளியமரத்தடியில உட்கார்ந்திருக்காங்க. ஒருத்திக்குக் கால் வீங்கி, செருப்பே போட முடியல. நல்ல நேரத்தையும் விட்டுட்டு, வெயில்ல காயணுமா?"

மேஸ்திரிக்கு அதைவிட அதிகமாகச் சுட்டது. கையெழுத்து அவருடையது. அதை ஊரார் முன்னால் குருவே சந்தேகப்படுகிறார்.

"டீச்சர், நான் பார்த்ததுல நம்பிக்கை இல்லேன்னா நேராச் சொல்லிடுங்க."

நஸீமா கூடத்துக்குள் போனார். நட்ட நடுவே அரிசிமாவில் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். முதல் வளையல் போட வேண்டிய பெண்ணுக்காக அதன்மேல் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். அதில் நஸீமா உட்கார்ந்துகொண்டார்.

"கேமராவை எடுங்க ஐயா. அந்த வாசல்கிட்ட நின்னு, தளத்தைப் பார்த்துட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் எந்திரிக்கிற வரைக்கும்."

பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பத்தரை ஆனது. தளம் ஒரே நிறமாக இருந்தது. மேஸ்திரி கேமராவைத் தாழ்த்தி நஸீமாவைப் பார்த்தார். அவர் கையில் அந்தக் காகிதம் மடித்தபடியே இருந்தது.

பதினோரு மணிக்கு வெளியே குரல்கள் உயர்ந்தன. யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ, "ஒரு பொம்பள உள்ளே போய்ச் சட்டமா உட்கார்ந்துக்கிட்டா. நம்மள நிக்க வெச்சுட்டா" என்றார்கள். மேஸ்திரிக்குக் காது கூசியது.

பதினொன்றேகாலுக்குத் தளம் நிறம் மாறத் தொடங்கியது. மாடியில் விழுந்த வெயில் காங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நீலம் பச்சையானது. ஓரங்களில் மஞ்சள் ஏறியது. காலையில் பார்த்ததைவிட இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்று மேஸ்திரி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதைச் சத்தமாகச் சொல்ல வாயையும் திறந்தார்.

சொல்லவில்லை. ஓர் இடம் மட்டும் மாறாமல் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சுற்றிலும் மஞ்சள் பரவப் பரவ, நடுவில் அந்த நீலம் தனியாகப் பிரிந்து தெரிந்தது. ஒரு பாயை விரித்த அளவு இருக்கும். அந்த இடத்தைத் தாண்டிச் சூடு கீழே இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் நடுவே காற்று நிற்கிறது. காற்று நிற்கிறது என்றால், மேலே இருக்கிற காங்கிரீட்டும் கீழே இருக்கிற காங்கிரீட்டும் எப்போதோ கை விட்டுவிட்டன. கம்பி துருப்பிடித்து ஊதியிருக்க வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷத் தொழில்.

நீலத்திலிருந்து நேர் கீழே கேமராவை இறக்கினார். நஸீமாவின் தலை தெரிந்தது.

"டீச்சர், எந்திரிங்க."

"ஏன் ஐயா?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

"ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கு. கையெழுத்தும் இருக்கு."

அதற்கு மேல் அவர் நின்று பேசவில்லை. ஓடிப்போய் நாற்காலியின் முதுகைப் பிடித்து, குருவோடு சேர்த்தே தரதரவென்று சுவரோரம் இழுத்தார். கோலம் அழிந்தது. பயத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பூங்கொடி வாசலுக்கு ஓடி வந்தாள். "உள்ளே வராதே!" என்று மேஸ்திரி கத்திய கத்தலில் அங்கேயே நின்றுவிட்டாள்.

தோரணம் கட்டி மிச்சமான மூங்கில் ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்து, நன்றாக ஒதுங்கி நின்று, தளத்தை ஒரு தட்டுத் தட்டினார். கெட்டியான சத்தம். இன்னும் இரண்டு முழம் தள்ளித் தட்டினார். வெறும் பானையைத் தட்டியதுபோல் இருந்தது. காலையிலும் அந்த மூங்கில் அங்கேதான் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

மூன்றாவது தட்டு தேவைப்படவில்லை.

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. கோலம் இருந்த இடத்தில் காங்கிரீட் பாளங்கள் கிடந்தன. தரை ஓடு நாலாக உடைந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. பூங்கொடி நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். பிறகு வாசலருகே இருந்த வளையல் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள்.

பன்னிரண்டு அடித்ததும் அங்கேயே முதல் வளையல் போட்டார்கள். கால் வீங்கிய பெண்ணைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள்.

மேஸ்திரி கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் புழுதி. நஸீமா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரிக் குளிர் தளத்தை விட்டுப் போகும். பகல் சூடு வந்து சேரும். நடுவுல கொஞ்ச நேரம் எல்லாமே ஒண்ணாத் தெரியும். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது" என்றார் மேஸ்திரி. "அந்த நேரத்துல போய்ப் பார்த்துட்டேன். அப்படித்தானே டீச்சர்?"

"அப்படித்தான்."

"கேமரா பொய் சொல்லல."

"இல்லை."

மரத்தடியில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. யாரோ குலவையிட்டார்கள். மேஸ்திரி நஸீமா பக்கம் திரும்பினார்.

"தளம் விட்டுப்போயிருக்குன்னு உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா போய் அதுக்கு அடியில உட்கார்ந்தீங்க?"

நஸீமா மடித்திருந்த காகிதத்தை விரித்து அவர் மடியில் வைத்தார்.

"நான் தளத்துக்கு அடியில உட்காரலை ஐயா. உங்க கையெழுத்துக்கு அடியில உட்கார்ந்தேன்."