வழித்தழையைத் தின்ற ஆடு

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, வரையாடு மலை விளிம்பில் வாழவில்லை. மனிதர்களின் குடிசையை ஒட்டி, அடுப்பின் கதகதப்பில்தான் படுத்துக் கிடந்தது. அதற்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று மற்ற விலங்குகள் சொல்லும். அது பொய்யும் இல்லை.

மேல்மலைக் குடியில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். கீழ்நாட்டில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வந்த வருஷமே பெருமழையில் சரிவு இடிந்து, கீழே இறங்கும் வழி அடைபட்டுப் போயிற்று. அம்மாவைப் போய்ப் பார்க்க முடியவில்லை. தாயில்லாமல் கிடந்த ஒரு வரையாட்டுக் குட்டியைக் கஞ்சி ஊற்றி வளர்த்தாள். அதனிடம்தான் அம்மாவைப் பற்றிப் பேசுவாள், பேசிக்கொண்டே அழுவாள். குட்டி அவள் மடியில் மோவாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் இருவாச்சிப் பறவை கீழ்நாட்டிலிருந்து சேதி கொண்டு வந்தது.

"உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது, தாயி. தை பொறக்கற அன்னிக்கு உச்சி வேளையில வாசல்ல ஈர வைக்கோலக் கொளுத்திப் பெரும்புகை போடறாங்களாம். மேலேருந்து நீ பாக்கணுமாம். 'எம் மக பாத்துக்கிட்டிருக்கான்னு நெனச்சுக்கிட்டா எனக்கு அது போதும்'னாங்க."

கீழ்நாடு முழுவதும் தெரிகிற இடம் அந்த மலையில் ஒன்றுதான்: உச்சியில் இருக்கும் பெரும்பாறை. விடியலில் கிளம்பினால் உச்சி வேளைக்குப் போய்ச் சேரலாம், பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். மழைக்குப் பின் பாதை புதர் மண்டிக் கிடந்ததால், அவள் கணவன் கரியன் வெட்டரிவாளோடு முன்னால் போனான்.

"நான் வெட்டிக்கிட்டே போறேன். நீ நிதானமா வா, புள்ள. வழி பிரியற எடத்துல தழையப் பாத்துக்க. கூப்புட்டுராத."

அந்த மலையின் வழக்கம் அது. காட்டுவழியில் குரல் கொடுக்கக் கூடாது; யானை காதில் விழுந்தால் வினை. அதனால் முன்னே போகிறவர், போகக் கூடாத கிளைவழியின் குறுக்கே பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னே வருகிறவர் மற்ற வழியில் நடப்பார். வழித்தழையைத் தொட்டவருக்கு, மனிதரானாலும் ஆடானாலும், குடியில் இடமில்லை.

பவளாயி அம்மா கொடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கூடவே கிளம்பிய ஆடு கேலி செய்தது.

"அம்புட்டு தூரத்துலேருந்து அம்மாவுக்கு என்ன தெரியப்போகுதாம்?"

"தெரியாட்டி என்ன? அம்மா முன்னால போயி நிக்கறப்ப நல்லதா ஒண்ணு கட்டிக்க வேண்டாமா?"



ஓடையைத் தாண்டியதும் பவளாயி காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப்போட உட்கார்ந்தாள். ஆடு முன்னால் நடந்தது. கொஞ்ச தூரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. பாதையை மறிக்கும் புதர் அங்கே இல்லை, அதனால் இரண்டிலும் வெட்டிய தடம் இல்லை. வலப்பக்க வழியின் குறுக்கே நாவல் கொத்து ஒன்று கிடந்தது. அப்போதுதான் ஒடித்தது, துளிரும் கொழுந்துமாக இருந்தது.

ஆடு அறியுமோ அங்காடி வாணிபம் என்பார்கள். ஆனால் இந்த ஆட்டுக்கு வழித்தழையின் சட்டம் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தின்றது. அவள் பின்னாலேயே வருகிறாள், வந்ததும் நாமே வழியைச் சொல்லிவிட்டால் போயிற்று என்று நினைத்து ஒரு கொழுந்தைக் கடித்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் வெறுங்குச்சிதான் மிஞ்சியது. அதுவும் காலில் இடறிப் புதருக்குள் போயிற்று.

பவளாயி வந்து சேர்ந்தாள். இரண்டு வழியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன குட்டி, தழையக் காணோமே?" என்றாள் மெதுவாக.

ஆட்டின் வாய் நிறையத் தழை இருந்தது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குடியை விட்டுத் துரத்துவார்கள். மடியில் தலை வைத்துப் படுக்க முடியாது.

"நீ இந்தப் பக்கமா நிக்கறே. அப்ப இதுதானே வழி?"

இந்த வழியும் சுற்றிக்கொண்டு அங்கேதான் போகுமோ என்னவோ என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, ஆடு தலையைக் குனிந்தது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அம்மா இந்நேரம் வைக்கோலை நனைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆட்டுக்கு மனம் கேட்கவில்லை. பின்னால் ஓடியது. திருப்பம் தாண்டியதும் அதற்குத் தெரிந்துவிட்டது: வழி அங்கே முடிந்திருந்தது. இடுப்பளவுப் புல்தான் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. புல்லுக்கு அடியில் மண் இல்லை.

நில்லு என்று கத்த வாயைத் திறந்தது. அவசரமாக விழுங்கிய தழை தொண்டையில் அடைத்தது. சொல் வரவில்லை, ஒரு சீழ்க்கைதான் வந்தது. பவளாயி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கால் அதற்குள் புல்லில் இறங்கியிருந்தது.

சற்று நேரத்தில் கீழ்நாட்டில் புகை எழும்பியது. பாறையில் காத்து நின்ற கரியன் மலை வழக்கத்தை மறந்து கூவினான்.

"பவளாயி! பொக வந்துருச்சு புள்ள! ஓடியா!"

அவன் குரல் மலையெங்கும் எதிரொலித்தது. பதில் சொல்ல ஆள் இல்லை.

அவன் தேடிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது, பிரிவழிப் புதரில் கொழுந்தில்லாத நாவல் குச்சி கிடந்தது. விளிம்பில் ஆடு நின்றது. "எங்கே அவ?" என்று கேட்டான். ஆடு சீழ்க்கையடித்தது. வேறு குரல் அதற்கு இல்லாமல் போயிருந்தது. அவன் குச்சியையும் ஆட்டையும் பார்த்தான், எல்லாம் விளங்கிவிட்டது. அதை அடிக்க அவனுக்குக் கை எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு ஆட்டை வீட்டுக்குக் கூப்பிட்டும் பார்த்தான். அது வரவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல இருவாச்சிக்கு மனம் வரவில்லை. பார்த்தாள், சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள் என்று மட்டும் சொல்லிற்று. அதனால் அடுத்த தையிலும் அந்த வாசலில் புகை எழுந்தது.

அன்று முதல்தான் மலைக்குடியார் வழித்தழையின் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைக்கிறார்கள். அன்று முதல்தான் வரையாடும் ஊரை விட்டு விளிம்பிலேயே நிற்கிறது. மனிதர் யாராவது பக்கத்தில் வந்தால் சீழ்க்கையடித்து எச்சரிக்கிறது. கீழே எங்கேனும் ஒரு வாசலில் புகை எழுந்தால், அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறது.