வரலாம், வராமலும் போகலாம்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் தவமணி அம்மை. வயது நாற்பதுதான். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அப்படி ஒருவர் சைலப்பன். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து, சமையல்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய அப்பா நடுக்குவாதத்தில் செத்தவர். கை நடுங்கி, நடை குறுகி, முகம் பலகையாக இறுகி, கடைசியில் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியாமல் போனவர். இப்போது ஆழ்வார்குறிச்சியில் அண்ணன் கோமதிநாயகத்துக்கும் அதே நோய். வம்சத்தில் ஓடுகிறதா என்று பார்க்க டாக்டர் அண்ணன் தம்பி இருவர் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். அண்ணனுடைய மரபணுவில் இருந்த அதே மாறுதல் தம்பிக்கும் இருந்தது.

"அப்போ எனக்கும் வந்துருமா, டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். இந்த மாறுதல் இருக்கிற பல பேருக்குக் கடைசிவரை வர்றதே இல்ல. இது இல்லாதவங்களுக்கும் வருது. மத்தவங்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது."

அன்றோடு சைலப்பனுக்கு நிம்மதி போயிற்று. அண்ணன் வீட்டுப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார்.

நடுக்கம் வருவதற்கு வெகு முன்பே மூக்குக்கு வாசனை தெரியாமல் போகலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். விடிந்ததும் முதல் வேலை, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் பிடிப்பது. நெடி ஏறியதும் அப்பாடா என்று அடுப்பைப் பற்றவைப்பார். முற்றத்தில் நடக்கும்போது இரண்டு கையும் ஒன்றுபோல் வீசுகின்றனவா என்று நிழலைப் பார்ப்பார். எழுத்து சிறுத்துவிட்டதா என்று கரித்துண்டால் தரையில் தன் பெயரை எழுதிப் பார்ப்பார்.

ஒரு காலை டப்பாவைத் திறந்தார். ஒன்றுமே ஏறவில்லை.

மூக்கோடு ஒட்டிப் பிடித்து இழுத்தார். ஒன்றுமில்லை. கற்பூரத்தை எடுத்து முகர்ந்தார். வெறும் சுண்ணாம்புக்கட்டி போல இருந்தது. வாணலியில் மிளகாயைப் போட்டு வறுத்தார். மிளகாய் கருகிப் புகைந்தது. கண் எரிந்து நீர் கொட்டியது. வாசனை மட்டும் வரவில்லை.

அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் முற்றத்துக்கு ஓடினார். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டும்மா. எனக்கும் வந்துட்டு."

"என்ன வந்துட்டு?"

"வாசனை போயிட்டு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும். முடிஞ்சுதும்மா."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

"போன வாரம் எனக்கு சளி. நேத்து பூக்கட்டுற சுப்பையாவுக்கு. இப்ப உங்க மூக்கு ஒழுகுது. துடைச்சுக்கிடுங்க."

சைலப்பன் தோள்துண்டால் மூக்கைத் துடைத்தார். ஈரமாக இருந்தது.

சளி விட்டதும் வாசனை திரும்பியது. அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாருக்கும் பாயசம் வைத்தார். ஆனால் மறுநாள் விடிந்தபோது பயம் அவருக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு? முன்பு காலையில் மட்டும் திறந்த டப்பாவை இப்போது மத்தியானமும் திறந்தார், சாயங்காலமும் திறந்தார்.

ஒரு நாள் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி இலைக்கு மேல் ஆடியது. அவர் அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆட்டம் கூடியது. ரசம் அவர் கால்மேலேயே கொட்டியது. சூடு உறைக்கவில்லை. கையையே வெறித்துக்கொண்டு நின்றார்.

பந்தி முடிந்ததும் அம்மையிடம் போனார்.

"நடுங்குச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன். பயந்தா எல்லாருக்கும் நடுங்கும்."

"இது பயமா, நோயா?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட காட்டுவோம்."

டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். இப்போதைக்கு நோய் ஒன்றுமில்லை என்றார்.

வெளியே வந்ததும் சைலப்பன் கேட்டார். "இப்போதைக்குன்னா என்னம்மா அர்த்தம்? காலம் பூரா சிக்னல் பாத்து வண்டி ஓட்டுனவன் நான். சிவப்புன்னா நிப்பேன். பச்சைன்னா போவேன். வரலாம், வராமலும் போகலாம்னா நான் என்ன செய்ய?"

"ரயில்ல மஞ்சள் விளக்கு கிடையாதா?"

"உண்டு. வேகத்தைக் குறைச்சுக்கிட்டுப் போகணும்."

"நிக்க வேண்டாமா?"

"வேண்டாம். போகணும்."

சொன்னாரே தவிர, பயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது சட்டைப்பையிலிருந்து பெருங்காயத்துண்டை எடுத்து முகர்ந்தார்.

அம்மை கேட்டார். "அண்ணனைப் போய்ப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

சைலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அவரைப் பாத்தா நாளைக்கு நான் ஆகப்போறதே எதிர்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்மா. என்னால முடியாது."

ஆழ்வார்குறிச்சிப் பேருந்து வந்தது. அம்மை ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. சைலப்பனும் ஏறினார்.

அண்ணன் வீட்டுத் தெரு வந்ததும் அவர் நடையின் வேகத்தைக் குறைத்தார். பூர்வீக வீடு. அப்பா வாழ்ந்து செத்த வீடு. மதினி பிரமு அம்மாள் மாவுக்கையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு!"

உள்ளறையிலிருந்து காலைத் தேய்க்கும் சத்தம் வந்தது. கோமதிநாயகம் வந்தார். அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்ந்தது. பாதம் ஆணியால் அறைந்ததுபோல் தரையில் ஒட்டிக்கொண்டது. கை விடாமல் ஆடியது. முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண்கள் மட்டும் தம்பியைத் தேடின.

அப்பாவும் இதே வாசலில் இப்படித்தான் நின்றார். சைலப்பன் பின்வாங்கி அம்மைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"வாசப்படி கண்டா கால் ஒட்டிக்கிடும், தம்பி" என்றாள் மதினி. "வான்னு மனசு சொல்லுது, கால் கேக்க மாட்டேங்கு. குறுக்க நம்ம காலை நீட்டுனா, அதைத் தாண்டுற மாதிரி தூக்கி வச்சு வந்துருவாக. இருங்க, கையைக் கழுவிட்டு வாரேன்."

அம்மை அவளை நிறுத்தினார்.

கோமதிநாயகத்தின் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"சைலம்... உனக்கு... ஒண்ணும் இல்லையே?"

"தினம் இதைத்தான் கேக்காக" என்றாள் மதினி. "நீங்க வராததால, உங்களுக்கும் வந்துட்டுன்னே நெனச்சுக்கிட்டாக."

சைலப்பனால் அண்ணன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அம்மையின் காதருகில் குனிந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"அம்மா, எனக்கும் இப்படி ஆயிருமா? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உங்களுக்கு வருமான்னு எனக்குத் தெரியாது, சைலப்பன்" என்றார் அம்மை. "அவருக்கு வந்துட்டு. போய்க் காலை நீட்டுங்க."